மொதமொத பைக் ஓட்டுனது எப்போ, எந்த வண்டில?

காரைக்குடியான்: எங்க ஐயா புல்லட்டுலதான் பழகுனாகளாம், அதுக்கு முன்னாடி உலகத்துல பைக்கே இல்லங்கிற மாதிரி பேசுறாக. நெசமா எப்ப வந்துச்சு? நீங்கள்லாம் எதுல பழகுனீங்க?

தேவகோட்டை அண்ணன்: 1885ல ஜெர்மனில டைம்லரும் மேபாக்கும் மரச்சட்டத்துல பெட்ரோல் இன்ஜின மாட்டி ஓட்டுனாங்க தம்பி, கவுந்துறாம இருக்க ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வேற. மெட்ராஸ்ல புல்லட் வேலை ஆரம்பிச்சதே 1955லதான். அந்தப் பழைய புல்லட்டுல கியர் வலது கால், பிரேக் இடது கால், நான் அதுல பழகிட்டு இப்பவும் புது வண்டில பிரேக்குன்னு நெனச்சு கியர மிதிக்கிறேன் 😂

பள்ளத்தூர் மாப்ள: நமக்கு டிவிஎஸ் 50தாண்ணே, கியரும் இல்ல ஒண்ணும் இல்ல. சித்தப்பா பின்னாடி புடிச்சிருக்காருன்னு நம்பி முறுக்குனேன், திரும்பிப் பாத்தா ஆளக் காணோம், நேரா ஊருணிக்குள்ள! நல்லவேள அப்ப தண்ணி இல்ல.

காரைக்குடியான்: ஐயாட்ட 1885ன்னு சொன்னேன், "குட்டிச் சக்கரம் வச்சதெல்லாம் பைக்காடா"ங்கிறாக 🙏