எழுதிய பையன், எழுதிய பேனா

சின்னவள்: பெரியம்மா, நாளைக்கு இங்கிலீஷ் கிராமர் டெஸ்ட். ஹூ, ஹூம், ஹூஸ், விச் எல்லாம் வரும். ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச் என்று படித்து வைத்திருக்கிறேன், ஆனாலும் பயிற்சித் தாளில் பத்தில் ஆறு தப்பு 😔

பெரியம்மா: தப்பான ஒன்றை அப்படியே அனுப்பு கண்ணு.

சின்னவள்: ‘தி பென் விச் ஐ ரோட் தி லெட்டர்’. நான் கடிதம் எழுதிய பேனா. சரியாகத்தானே இருக்கிறது?

பெரியம்மா: தமிழில் யோசித்து எழுதியிருக்கிறாய், அதனால் வந்தது. நமக்கு ‘எழுதிய’ என்ற ஒரே சொல் போதும். எழுதிய பையன், எழுதிய பேனா, எழுதிய கடிதம், எழுதிய அறை, எழுதிய நாள், எல்லாவற்றோடும் சேரும். பெயரெச்சம் படித்திருப்பாயே, செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆறையும் அது கொள்ளும் என்று நன்னூலே சொல்கிறது. பேனா எழுதவில்லை, பேனாவால் எழுதினோம் என்பதை நாமே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த உறவைச் சொல்லியே ஆக வேண்டும். பையனுக்கு ஹூ, கடிதத்துக்கு விச் இல்லாவிட்டால் தட், அறைக்கு வேர், நாளுக்கு வென். பேனாவுக்கு ‘வித் விச் ஐ ரோட்’.

சின்னவள்: ஓ, பேனாவால் என்பதில் இருக்கிற ‘ஆல்’தான் அந்த வித்! அப்புறம் ‘தி புக் விச் ஐ பாட் இட்’ என்பதில் இட் மேல் வட்டம் போட்டிருக்கிறார்கள்.

பெரியம்மா: விச் என்றாலே அந்தப் புத்தகம்தான். மறுபடியும் இட் எதற்கு? எடுத்துவிடு.

மாமா: அக்கா, ஒரு சந்தேகம். ‘தி கேர்ள் டேஷ் ஐ திங்க் வில் வின்’, அடுத்து ஐ வருவதால் ஹூம்தானே? மெயிலில் எப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன்.

பெரியம்மா: இல்லை தம்பி. ‘ஐ திங்க்’ நடுவில் நுழைந்தது, அதை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பார். மிச்சம் ‘வில் வின்’. யார் ஜெயிப்பாள்? ஷீ வில் வின். ஹீ, ஷீ பொருந்துகிற இடத்தில் ஹூ. ‘தி கேர்ள் ஹூம் ஐ மெட்’ வேறு கதை, அங்கே ஐ மெட் ஹெர். ஹிம், ஹெர் பொருந்தினால் ஹூம். பேச்சில் அதற்கும் ஹூ என்றே பலர் சொல்கிறார்கள், தப்பில்லை, ஆனால் டெஸ்டில் ஹூம் என்றே எழுது கண்ணு.

சின்னவள்: அப்போ ஹிஸ், ஹெர் வந்தால் ஹூஸ்?

மாமா: ஹெர் ரெண்டு பக்கமும் வருகிறதே, குழம்பாதா?

பெரியம்மா: குழம்பும். அதனால் ஹிம், ஹிஸ் வைத்தே சோதித்துப் பாருங்கள். ஹூஸ் பொருளுக்கும் வரும், ‘எ ஹவுஸ் ஹூஸ் டோர் இஸ் ஓப்பன்’ என்று தாராளமாக எழுதலாம்.

சின்னவள்: கடைசியாக ஒன்று. ‘எவ்ரிதிங் வாட் ஐ நோ’?

பெரியம்மா: வாட் வராது, தட். எவ்ரிதிங் தட் ஐ நோ. இப்போது அந்த ஆறையும் திரும்ப எழுதி போட்டோ அனுப்பு, நான் விழித்துத்தான் இருக்கிறேன்.