நிறுவனமே மூடப்பட்டுவிட்ட சாப் 9-5 காரை அன்றாடப் பயன்பாட்டுக்கு வாங்கலாமா?

வளைசாலை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வெகுகாலமாக நான் தேடிக்கொண்டிருந்த சாப் 9-5 கார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 2002ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 2.3 லிட்டர் டர்போ என்ஜினும் கையால் மாற்றும் கியரும் கொண்டது. முதல் உரிமையாளரே இன்றுவரை வைத்திருந்து, பராமரிப்புச் சீட்டுகளையும் வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறார். ஓட்டிப் பார்த்தபோது, நெடுஞ்சாலை வேகத்தில் மேலும் அழுத்தினால் எவ்விதத் தடுமாற்றமும் இல்லாமல் அது முன்னேறிய விதமும், நீண்ட பயணத்துக்கென்றே வடிவமைத்தது போன்ற இருக்கைகளும் என் மனத்தை முழுமையாகக் கவர்ந்துவிட்டன.

ஆனால் வீட்டில் எழும் கேள்விகளுக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. ஸ்வீடனின் சாப் கார் நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலாகிவிட்டது. அப்படியிருக்க, உதிரிபாகங்கள் எங்கிருந்து வரும், சாதாரணப் பணிமனையில் இந்த வண்டியைத் தொடுவார்களா, வீட்டின் ஒரே காராக இதை நம்பலாமா என்று கேட்கிறார்கள். இதை வைத்திருப்பவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆயில்சம்ப் (மறுமொழி):

நண்பருக்கு வணக்கம். முதலில் உதிரிபாகம் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில்தான் பலரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். கார் தயாரித்த நிறுவனம் திவாலானபோது உதிரிபாகங்களைக் கவனித்துவந்த துணை நிறுவனம் அதனோடு சேர்ந்து மூழ்கவில்லை. ஸ்வீடன் அரசு கொடுத்திருந்த கடன் உத்தரவாதத்துக்கு ஈடாக அது அரசின் கைக்குப் போய், 2013இல் ஓரியோ என்று பெயர் மாற்றிக்கொண்டு பாகங்களைத் தொடர்ந்து வழங்கியது. இது தவிர பிரேக், சஸ்பென்ஷன், ஃபில்டர், சென்சார் போன்றவற்றைப் பிற தயாரிப்பாளர்களும் செய்கிறார்கள். 9-5 வண்டியின் அடித்தளம் ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தினுடையது என்பதால் சில பாகங்கள் ஓப்பல் வண்டிகளுக்கும் பொதுவானவை. ஓடித் தேயும் பாகங்களுக்காக வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்ற அச்சம் தேவையில்லை.

நீங்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது என்ஜின் ஆயிலுக்குத்தான். 2003 வரை வந்த 9-5 வண்டிகளின் நான்கு சிலிண்டர் என்ஜின்களில் ஆயில் கெட்டியாகிக் கசடாகப் படிவது எல்லோரும் அறிந்த குறை. என்ஜினின் கீழ்ப்பகுதியான கிராங்க் கேஸில் சேரும் ஆவியை வெளியேற்றும் அமைப்பு அந்த ஆண்டுகளில் போதுமானதாக இல்லை. எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்புக்கு மிக அருகில் இருந்து அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது. இவற்றோடு நீண்ட இடைவெளியில் ஆயில் மாற்றும் வழக்கமும், என்ஜின் முழுமையாகச் சூடேறாத குறுகிய பயணங்களும் சேரும்போது, கசடு போய் ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்துவிடுகிறது. அதன்பின் ஆயில் அழுத்தம் குறைந்து பேரிங்குகளும் டர்போவும் பசியில் கிடந்து அழிகின்றன. எச்சரிக்கை விளக்கு எரியும் வேளையில் பெரும்பாலும் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

ஆகவே விலை பேசுவதற்கு முன், அடியிலுள்ள சம்ப்பைக் கழற்றி அந்த வலையைப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். ஆவி வெளியேற்றும் குழாய்கள் பின்னாளில் வந்த மேம்பட்ட தொகுதிக்கு மாற்றப்பட்டதற்கான சீட்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முழு சிந்தெடிக் ஆயிலைக் கையேடு சொல்வதைவிடக் குறுகிய இடைவெளியில் மாற்றிவந்திருந்தால், இந்த என்ஜின் மிக நீண்ட தூரம் உழைக்கக்கூடியது; டைமிங் பெல்ட் இல்லாமல் செயின் கொண்டிருப்பதும் அதன் வலிமைகளில் ஒன்று.

நிதானம் (மறுமொழி):

மேலே சொன்னவை அனைத்தும் சரி, ஆனால் உதிரிபாகம் குறித்து அவர் காட்டும் நம்பிக்கையை நான் முழுமையாக ஏற்கவில்லை. தேயும் பாகங்கள் கிடைக்கின்றன என்பது உண்மைதான்; உடையும் பாகங்களின் நிலை வேறு. ஹெட்லைட், பம்பர், கதவோரத்து ரப்பர், கண்ணாடி, உட்புறத்துப் பிளாஸ்டிக் ஆகியவற்றைப் புதிதாகச் செய்ய யாருக்கும் லாபம் இல்லை. நன்றாக விற்ற 2006ஆம் ஆண்டில்கூட இந்த நிறுவனம் உலகம் முழுவதற்கும் சுமார் 1,33,000 கார்களைத்தான் விற்றது என்பதை நினைத்துப் பார்த்தால், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களில் இவை ஏன் அரிதாகின்றன என்பது புரியும்.

இதனால் வரும் விளைவு ஒன்றைப் பலரும் வாங்கிய பிறகே உணர்கிறார்கள். இத்தகைய வண்டியின் சந்தை மதிப்பு அதன் தரத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வாங்கும்போது மகிழ்ச்சி தரும் அந்தக் குறைந்த மதிப்பே, யாரோ பின்னாலிருந்து மோதிவிட்டால் எதிரியாகிவிடுகிறது. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டிவிட்டது என்று சொல்லி, ஓடக்கூடிய நல்ல வண்டியைக் காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பாகக் கணக்கெழுதிவிட முடியும். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பதிவு செய்யும் காப்பீடு கிடைக்குமானால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் இந்த ஆபத்தை அறிந்தே வாங்குங்கள்.

சாவியையும் மறவாதீர்கள். இரண்டு சாவிகளும் உங்கள் கைக்கு வர வேண்டும், இரண்டும் வேலை செய்ய வேண்டும். இந்த வண்டியின் சாவிகள் வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைத்துப் பதியப்பட்டவை. எல்லாச் சாவிகளையும் தொலைத்தவர் பெட்டியையே மாற்ற நேரிடும். அதைப் பதிவு செய்ய டெக் 2 என்ற பழைய சோதனைக் கருவி வைத்திருப்பவரைத் தேட வேண்டும். உங்கள் எட்டும் தூரத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால், வீட்டின் ஒரே காராக இதை வைத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

தொள்ளாயிரத்தார் (மறுமொழி):

நான் பழைய சாப் 900 வைத்திருப்பவன். நண்பர் நிதானம் சொல்லும் எச்சரிக்கைகளை மதிக்கிறேன், எனினும் இந்த வண்டியை ஏன் ஒருவர் விரும்ப வேண்டும் என்பதையும் சொல்லாவிட்டால் பதில் பாதியாகவே நிற்கும்.

1937இல் விமானம் கட்டத் தொடங்கிய நிறுவனம் சாப். முதல் காரான 92 உற்பத்திக்கு வந்தது 1949இன் இறுதியில்தான். அந்தப் பொறியாளர்கள் அலங்காரத்துக்காக எதையும் வித்தியாசமாகச் செய்யவில்லை. என் 900இல் சாவித் துளை இரு இருக்கைகளுக்கும் நடுவே இருப்பதைப் பார்ப்பவர்கள் விசித்திரம் என்கிறார்கள். விபத்தின்போது ஓட்டுபவரின் முழங்கால் ஸ்டீயரிங் அருகே நீட்டிக்கொண்டிருக்கும் சாவியில் மோதிச் சிதையக் கூடாது என்ற சிந்தனை அதன் பின்னால் இருக்கிறது. கிளட்ச் என்ஜினின் முன்பக்கம் வைக்கப்பட்டிருப்பதால், என்ஜினையோ கியர்பெட்டியையோ இறக்காமலேயே அதை மாற்றிவிடலாம். இன்றைய வண்டிகளில் கிளட்ச் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டர்போவிலும் அப்படித்தான். 1970களின் இறுதியில் 99 டர்போவைக் கொண்டுவந்தபோது, உச்ச வேகத்தைவிட, முந்திச் செல்ல வேண்டிய நொடியில் கிடைக்கும் இழுவிசையே அவர்களுடைய நோக்கமாக இருந்தது. பின்னர் என்ஜினில் நாக்கிங், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்தெரியும் தட்டல், எழுவதை உணர்ந்து டர்போ அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏபிசி அமைப்பு வந்தது. நீங்கள் பார்த்திருக்கும் 9-5 வண்டியில் இது இன்னும் ஒரு படி முன்னேறியிருக்கிறது: ட்ரையோனிக் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு, தீப்பொறி எழுந்தபின் அதே ஸ்பார்க் பிளக்கின் வழியாகச் சிறு மின்னோட்டத்தை அளந்து, சிலிண்டருக்குள் எரிதல் எப்படி நடந்தது என்பதை அறிந்துகொள்கிறது. அந்த வண்டியின் முன்னிருக்கைத் தலைச்சாய்ப்பையும் கவனியுங்கள். பின்னாலிருந்து மோதும்போது அமர்ந்திருப்பவரின் முதுகு இருக்கையை அழுத்தும் அந்த விசையாலேயே அது மேலும் முன்னும் நகர்ந்து கழுத்தைத் தாங்குகிறது. மின்சாரமோ கணினியோ தேவைப்படாத நெம்புகோல் அமைப்பு அது. 1997இல் 9-5 வெளிவந்தபோதே இருந்தது.

அடித்தளம் ஜெனரல் மோட்டார்ஸுடையது என்பதால் இது உண்மையான சாப் இல்லை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அந்த நான்கு சிலிண்டர் என்ஜின் சாப் நிறுவனமே வடிவமைத்தது. இருக்கையும் பாதுகாப்புச் சிந்தனையும் அவர்களுடையவை. இந்த ஒதுக்கலை நான் ஒருபோதும் நியாயமாகக் கருதியதில்லை.

ஒரே காராக வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: நான்கு ஸ்பார்க் பிளக்குகளின் மேலும் ஒரே தொகுதியாக உட்கார்ந்து தீப்பொறிக்கான மின்சாரம் தரும் இக்னிஷன் கேசட் முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கக்கூடியது. சில திருகுகளைக் கழற்றத் தெரிந்தவர் சாலையோரத்திலேயே மாற்றிவிடலாம். எனவே வேலை செய்யும் மாற்றுக் கேசட் ஒன்றையும் அதற்கான ஸ்க்ரூடிரைவரையும் டிக்கியிலேயே வைத்திருங்கள். என்ஜின் சூடானபின் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்பினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, என்ஜினின் சுழல்தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை உணரும் கிராங்க்ஷாஃப்ட் சென்சாரை.

வளைசாலை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உரிமையாளரிடம் பேசினேன், செலவு என்னுடையது என்றால் சம்ப்பைக் கழற்றிப் பார்க்கத் தடையில்லை என்று சொல்லிவிட்டார். சாவி இரண்டும் இருக்கின்றன. டெக் 2 வைத்திருக்கும் ஒருவரை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன். சம்ப்பைத் திறந்தபின் எந்த நிலையில் இருந்தால் வாங்கலாம், எந்த நிலையில் விலகிவிட வேண்டும்?

ஆயில்சம்ப்:

வலை சுத்தமாக இருந்து, சம்ப்பின் அடியில் மெல்லிய பழுப்புப் படலம் மட்டும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். வலையில் கரித்துகள் ஒட்டியிருந்தால், கழுவிப் புதிய ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டு மாட்டச் சொல்லிவிட்டு, ஆயில் அழுத்தத்தை மானி வைத்து அளந்த பிறகே விலை பேசுங்கள். அளவு கையேட்டில் உள்ள வரம்புக்குக் கீழே இருந்தாலோ, சம்ப்பில் பளபளக்கும் உலோகத் துகள்கள் தென்பட்டாலோ, வண்டியின் மற்ற எல்லாமே நன்றாக இருந்தாலும் விலகிவிடுங்கள். முதல்நாள் இரவு முழுவதும் அணைத்து வைக்கச் சொல்லி, காலையில் நீங்களே கிளப்பிக் கேளுங்கள். சில நொடிகளுக்குப் பிறகும் செயினின் கலகலப்பு அடங்காவிட்டால் அதற்கான செலவையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.