கடன் வாங்கிக் கழித்தல்: வீட்டில் எப்படி உதவலாம்?

கேள்வி: இரண்டாம் வகுப்பில் இந்த வாரம் கடன் வாங்கிக் கழித்தல் தொடங்கியிருப்பதாக வகுப்புச் செய்தி வந்தது. மகள் 52 − 27க்கு 35 என்று எழுதுகிறாள். கூட்டல் நன்றாகவே வருகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: இது கவனக்குறைவு இல்லைங்க, திட்டாதீர்கள். 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐ எடுத்துவிடுகிறாள். முதலில் நோட்டை மூடி வையுங்கள். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். 5 கட்டு, 2 உதிரி வையுங்கள். 7 குச்சி கேளுங்கள். உதிரி போதாது என்று அவளே சொல்லட்டும். ஒரு கட்டை அவள் கையாலேயே பிரித்தால் 4 கட்டு, 12 உதிரி. அதில் 7 போக 5. 2 கட்டு போக மீதி 2 கட்டு. விடை 25. இது பழகியபின் கட்டுக்குக் கோடு, உதிரிக்குப் புள்ளி என்று வரையச் சொல்லுங்கள். எண்கள் அதற்குப் பிறகுதான்.

பதில் 2: கடன் தேவைப்படாத 58 − 23 போன்றவற்றையும் கலந்து கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் கடன் வாங்குவாள். நாளுக்கு ஐந்து கணக்கு போதும். விடையைக் கூட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்: 35 + 27 = 62, எனவே தவறு என்று அவளுக்கே தெரியும்.

பதில் 3: நடுவில் பூஜ்ஜியம் வரும் 402 − 158 இப்போது வேண்டாம். பிறகு வரும்போது 40 பத்துகளில் ஒன்றைப் பிரித்து 39 பத்து, 12 ஒன்று என்று காட்டினால் குழப்பம் குறையும். ஆசிரியர் வகுப்பில் எப்படி எழுத வைக்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.