கேழ்வரகு மாவில் முட்டையில்லாக் கேக்: எழும்பிய பின் நடுவில் ஏன் அமுங்குகிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் யாரும் முட்டை உண்பதில்லை. தங்கைக்குச் சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) இருப்பது உறுதியான நாளிலிருந்து கோதுமை, மைதா இரண்டையும் சமையலறையிலிருந்தே விலக்கிவிட்டோம். அவளுடைய பிறந்த நாளுக்குள் கேழ்வரகு மாவில் நல்ல கேக் ஒன்றைச் செய்து பழகிவிட வேண்டும் என்று மூன்று வாரங்களில் நான்கு முறை முயன்றேன். நான்கும் ஒரே விதமாகத்தான் முடிந்தன.

கடைசியாக எடுத்த அளவு: கேழ்வரகு மாவு 200 கிராம், பொடித்த வெல்லம் 150 கிராம், எண்ணெய் 80 மில்லி, பால் 200 மில்லி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் கலந்த உடனே 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் 40 நிமிடம் வைத்தேன். இருபதாவது நிமிடத்தில் அழகாக எழும்பி நிற்கிறது. முப்பதாவது நிமிடத்தில் பார்த்தால் நடுப்பகுதி கிண்ணம் போலக் குழிந்துவிடுகிறது. வெட்டும்போது அடியில் ஒரு விரற்கடை அளவுக்குக் கரும்பழுப்பாக, ஈரப் பசையாக ஒரு படலம் கத்தியில் ஒட்டுகிறது. அதற்கு மேலிருப்பதோ மணலாக உதிர்கிறது. வாயில் நறநறவென்றும், விழுங்கிய பின் சவர்க்காரம் பட்டது போலவும் இருக்கிறது. போதுமான அளவு எழும்பவில்லை என்று எண்ணி, அரைத் தேக்கரண்டியில் தொடங்கிய சோடாவை ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே வந்தேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வெல்லம் சேர்த்த சிறுதானியக் கேக் என்பதால் அவரும் தாராளமாக உண்ணலாம் அல்லவா?

மறுமொழி 1

நீங்கள் கூட்டிக்கொண்டே வந்த சோடாதான் கேக்கைக் கவிழ்த்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். சோடா முழுமையாக வேலை செய்ய அதற்கு ஈடான புளிப்பு வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சாதாரண வினிகர் ஏறத்தாழ கால் தேக்கரண்டி சோடாவைத்தான் ஈடுசெய்யும். வெல்லத்தில் இருக்கும் சிறிதளவு புளிப்பையும் சேர்த்துக்கொண்டாலும், நீங்கள் போட்டதில் பெரும்பகுதி ஈடின்றியே நின்றுவிடுகிறது. அது சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறுவதால்தான் அந்தச் சவர்க்காரச் சுவையும் அளவுக்கு மீறிய கரும்பழுப்பும் வருகின்றன.

அமுங்குவதற்கும் இதுவே காரணம். கோதுமை மாவில் குளூட்டன் வலைபோல விரிந்து காற்றைப் பிடித்துக்கொள்கிறது; முட்டை சேர்த்தால் அதன் புரதம் சூட்டில் இறுகித் தாங்குகிறது. உங்கள் மாவில் இரண்டுமே இல்லை. கேழ்வரகின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி, வெந்து, கெட்டிப்படும்போதுதான் கேக்குக்கு உடல் கிடைக்கிறது. இனிப்பு மிகுதியாக இருந்தால் அது இன்னும் தாமதமாகும். அதற்கு முன்பே காற்று குபீரென்று கிளம்பிக் கலைந்துபோனால், தாங்குவதற்கு ஆளில்லாமல் நடுப்பகுதி இறங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் கேக்குக்குக் குறைவாக இருப்பது எழுச்சியன்று, பிடிமானமே.

வினிகரை விட்டுவிட்டு, நன்கு புளித்த தயிர் 200 கிராமும் பால் 60 மில்லியும் எடுத்துக்கொள்ளுங்கள். சோடா அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி போதும். தங்கைக்குச் சீலியாக் நோய் என்பதால் பேக்கிங் பவுடரின் உறையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சிலவற்றில் கோதுமை மாவுச்சத்தைக் கலந்திருப்பார்கள். அதைவிட முக்கியம், கோதுமை அரைக்கும் இயந்திரத்தில் கேழ்வரகைக் கொடுத்து அரைக்காதீர்கள். தானியத்தைக் கழுவி, உலர்த்தி, வீட்டிலேயே அரைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

மறுமொழி 2

மேலே சொன்ன பிடிமானத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்பதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஆளிவிதைப் பொடி ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்து, ஒரு முட்டைக்கு ஈடாக நெடுநாள் பயன்படுத்தினேன். உதிர்வது குறைந்தது, ஆனால் காற்றைத் தாங்கும் வலு அதற்குப் போதவில்லை. பிறகு இசப்கோல் உமிக்கு மாறினேன். 200 கிராம் மாவுக்கு 5 கிராம் போதும்; நீரில் ஊறியதும் அது கூழாகி, குளூட்டன் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைத் தானே செய்துவிடுகிறது. 10 கிராம் போட்டுப் பார்த்த அன்று கேக் ரப்பர் போல இழுத்தது. அளவு மீற வேண்டாம்.

அடியில் பசை, மேலே மணல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், மாவு ஊறவில்லை என்பது விளங்கிவிட்டது. கேழ்வரகை மேல்தோலோடுதான் அரைக்கிறோம். அந்தத் தோலின் துணுக்குகள் நீரை மிக மெதுவாக உறிஞ்சுபவை. கலந்த உடனே ஒரு சொட்டை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள், நுண்மணல் போல உறுத்தும். 40 நிமிடம் கழித்து அதே மாவைத் தேய்த்தால் பெருமளவு வழவழப்பாகியிருக்கும். எனவே மிக மெல்லிய சல்லடையில் மாவை இருமுறை சலித்து, தயிர், பால், இசப்கோல் ஆகியவற்றோடு கலந்து மூடி வைத்துவிடுங்கள். ஊறிய பிறகு எண்ணெயையும் வெல்லத்தையும் சேர்த்து அடித்து, சோடாவையும் பேக்கிங் பவுடரையும் கடைசியில் தூவிக் கலந்து, தாமதிக்காமல் அடுப்பில் வையுங்கள். குளூட்டன் இல்லாத மாவு என்பதால் அதற்கு முன் எவ்வளவு அடித்தாலும் கேக் கடினமாகாது. சோடா விழுந்த பின் மட்டும் நேரம் கடத்தக் கூடாது.

கம்பு மாவில் செய்யும் எண்ணம் இருந்தால், அன்றன்று அரைத்துக்கொள்ளுங்கள். கம்பில் கொழுப்புச் சத்து அதிகம். அரைத்த பின் அந்தக் கொழுப்பு விரைவில் சிதைந்து மாவு கசந்துவிடும். தினை, சாமை மாவுகள் நிறத்திலும் மணத்திலும் மென்மையானவை. கேழ்வரகோடு பாதிக்குப் பாதி கலந்தால் கேக் இலேசாக வரும் என்பது என் கருத்து.

மறுமொழி 3

உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்விக்கு ஒருவரும் விடை சொல்லவில்லை; அதை விட்டுவிடக் கூடாது. வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள்தான். நிறமும் சில தாது உப்புகளும் கூடுதலாக இருப்பதால் இரத்தச் சர்க்கரை உயராமல் இருந்துவிடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேக்கைப் பத்துத் துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் 15 கிராம் வெல்லம் இருக்கிறது. கேழ்வரகில் நூற்றுக்கு எழுபது பங்கு அளவுக்கு மாவுச்சத்து என்பதால், வெல்லத்தை அறவே நீக்கினாலும் ஒரு துண்டில் மாவிலிருந்தே ஏறத்தாழ 14 கிராம் வந்துவிடும். அதுவும் நைசாக அரைத்த மாவு விரைவில் செரித்துவிடக்கூடியது.

இதனால் கேழ்வரகின் நன்மையை நான் மறுப்பதாக எண்ண வேண்டாம். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து கொண்ட தானியம் அது. மைதாவுக்குப் பதிலாக அதை எடுப்பது நல்ல தேர்வுதான். ஆனால் சிறுதானியம் என்ற ஒரு சொல்லை நம்பிச் சர்க்கரை நோயாளிகள் இரண்டு, மூன்று துண்டு உண்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. வெல்லத்தை 100 கிராமாகக் குறையுங்கள். அதற்குக் கீழே போனால் கேக் வறண்டுவிடும், ஏனெனில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் இனிப்பின் வேலை. அம்மாவுக்கு ஒரு மெல்லிய துண்டு, அன்றைய உணவில் அதற்கேற்ற குறைப்பு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 4

சுருக்கமாக ஒன்று. 170 டிகிரியில், 18 சென்டிமீட்டர் அகல அச்சில் வையுங்கள். பெரிய அச்சைவிடச் சிறிய அச்சின் ஓரங்கள் இந்த மாவுக்கு நல்ல ஊன்றுகோல். முதல் 30 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். வெப்பமானி இருந்தால் நடுவில் 96 டிகிரிக்கு மேல் காட்டிய பிறகே வெளியே எடுங்கள். இரண்டு மணி நேரமாவது ஆறாமல் வெட்டினால், நன்றாக வெந்த கேக்கும் பசையாகத்தான் தெரியும், ஏனெனில் மாவுச்சத்து ஆறும்போதுதான் முழுதாக இறுகுகிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று மாலை நீங்கள் சொன்னபடியே செய்தேன். 40 நிமிடம் ஊறியதும் மாவு கரண்டியிலிருந்து ஒழுகாமல் மடிந்து மடிந்து விழுந்தது. இதற்கு முன் ஒருமுறையும் அப்படி விழுந்ததில்லை. அடுப்பில் 45 நிமிடம் ஆனது. மேலே ஒரு சிறு வெடிப்பு விழுந்தது, நடுப்பகுதி அமுங்கவில்லை. இரவு வெட்டியபோது கத்தி சுத்தமாக வெளியே வந்தது. உள்ளே கடுகளவு துளைகள் அடி வரை ஒரே சீராக இருந்தன. சவர்க்காரச் சுவை அறவே இல்லை, நறநறப்பு மட்டும் சிறிது மீதமிருக்கிறது. தங்கை இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கி உண்டாள். அம்மாவிடம் கணக்கைச் சொன்னேன். அவர் தம் துண்டைப் பாதியாக வெட்டிக்கொண்டார்.

மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். இன்று காலை அது காய்ந்து கெட்டியாகிவிட்டது. எப்படி வைத்திருக்க வேண்டும்?

மறுமொழி 2 எழுதியவர்

குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக் குளிரில்தான் வெந்த மாவுச்சத்து மிக விரைவாக இறுகும். ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடுமென்றால் மூடிய பாத்திரத்தில் வெளியிலேயே வையுங்கள். அதற்கு மேல் என்றால் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் காற்றுப் புகாமல் சுற்றி உறைநிலைத் தட்டில் வைத்துவிட்டு, உண்ணும் முன் ஆவியில் மூன்று நிமிடம் காட்டினால் மென்மை திரும்பிவிடும். நறநறப்புக்கு அடுத்த முறை மாவை முதல் நாள் இரவே தயிரில் ஊறவைத்துப் பாருங்கள். இரவில் தயிர் இன்னும் புளிக்கும் என்பதால் ஊறும் நேரம் முழுவதும் பாத்திரம் குளிர்பதனப் பெட்டியில் இருக்கட்டும்.