12 குடும்பம், 2 ஏக்கர், ஒரே கணக்கு: கிப்புட்ஸ் மாதிரி இங்கே ஓடுமா?

சிப்புட்வாசி:
வணக்கம். மலேசியாவுல பேராக், சுங்கை சிப்புட்ல தோட்டத்தை விட்டு வெளியான 12 குடும்பம். டி.ஓ.எல். (அரசாங்க நிலத்தைத் தற்காலிகமா பயன்படுத்துற உரிமம்) நிலம் 2 ஏக்கர் கிடைக்கும்போல இருக்கு. வெண்டை, பயத்தங்காய், கங்கோங் கீரை போடலாம்னு யோசனை. இஸ்ரேல்ல இருக்கிற கூட்டுப்பண்ணைக் கிராமமான கிப்புட்ஸ் மாதிரி ஒரே வேலை, ஒரே சமையல், சமச் சம்பளம்னு சிலர் சொல்றாங்க. இன்னைக்கும் அப்படி வாழ்றவங்க இருக்காங்களா? எங்கே சறுக்கும்?

பெரட்டுக்களம்:
இருக்காங்க, குறைவு. 1910ல கலிலேயா ஏரிக்கரையில முதல் கிப்புட்ஸ் டெகானியா தொடங்கினது. இப்போ இஸ்ரேல்ல சுமார் 270 கிப்புட்ஸ், ஆனா பெரும்பாலானதுல சமச் சம்பளம் போயிடுச்சு. 1980கள்ல கடன் கழுத்தை நெரிச்சதும் வேலைக்கேத்த கூலின்னு மாறினாங்க. பிள்ளைகளைத் தனி வீட்டுல படுக்க வைக்கிற பழக்கமும் முடிஞ்சது.

கிப்புட்ஸுக்கு வெளியே எல்லாருக்கும் சமம்னு இன்னும் நிக்கிறவங்கள்ல ரெண்டு உதாரணம். வட அமெரிக்காவுல வாழ்ற ஹட்டரைட்டுகள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவு 1528லேர்ந்து பொதுச்சொத்துதான், மதம் கட்டிப்போடுது. அவங்களே 150 பேர் நெருங்கினா காலனியை ரெண்டாப் பிரிச்சிடுவாங்க. இன்னொண்ணு அமெரிக்காவுல வர்ஜீனியாவுல 1967ல வந்த ட்வின் ஓக்ஸ்ங்கிற கூட்டுவாழ்வுக் குடியிருப்பு. அங்கே வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரம் வேலை. பாத்திரம் கழுவுறதும் பிள்ளை பார்க்கிறதும் வயல் வேலையும் ஒரே மணிக்கணக்கு. நீங்க எடுக்கவேண்டியது இந்த மணிக்கணக்கு நோட்டுப்புத்தகத்தைத்தான்.

வெண்டையை வச்சே பாருங்க. 3 அடிக்கு 1½ அடின்னு நட்டா அரை ஏக்கர்ல ஏறக்குறைய 4,800 செடி. 45, 50 நாள்ல காய் வரும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். மூணு நாள் விட்டா நார் பிடிச்சிடும், பாசார்ல (சந்தையில) எடுக்கமாட்டாங்க. முத்தின காயைச் செடியிலேயே விட்டா புதுக்காயும் குறையும். தீபாவளி வாரத்துல யார் பறிப்பாங்க? சமச் சம்பளம்னா எப்பவும் அதே நாலு பேர். சண்டை அங்கேதான் முளைக்கும்.

அதனால தோட்டத்துல காலைல ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டு மாதிரி பேர் பதிங்க. வாரம் ஒருத்தர் மண்டோர் (மேற்பார்வையாளர்), அன்னைக்கே கையெழுத்து. மாசக்கடைசில எழுதினா ஞாபகம் எல்லாருக்கும் தாராளமாயிடும். உதாரணமா விற்பனை 4,000 ரிங்கிட், விதை, உரம், டீசல் 1,200, சேமிப்பு 400. மீதி 2,400ஐ 600 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 4 ரிங்கிட். தோட்டச் சம்பளத்துக்கு ஈடாகாது, பகுதிநேர வருமானம்னு முதல்லயே சொல்லிடுங்க.

பட்டா_முக்கியம்:
மேல சொன்னதெல்லாம் அப்புறம். முதல்ல நிலம். டி.ஓ.எல். அந்த வருஷம் டிசம்பர் 31ஓட காலாவதி, வருஷாவருஷம் புதுப்பிக்கணும். கைமாத்த முடியாது. பேர்ல உள்ளவர் இறந்தா அதோட முடிஞ்சது. மத்த 11 குடும்பம் நடுத்தெருவுல. குத்தகை நிலம்னா 3 வருஷத்துக்கு மேல போறதை நில அலுவலகத்துல பதியணும். டி.ஓ.எல். நிலத்துல ரம்புத்தான், டுரியான் வைக்கிறது வீண். கங்கோங் சரி, 30 நாள்ல காசு.

நம்மாளுங்க ஏற்கெனவே பார்த்த வழியும் இருக்கு. 1960ல துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவு சங்கம், மாசம் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டின தொழிலாளர் பங்குல தோட்டங்களை வாங்கினது. முதல்ல கெடாவுல புக்கிட் சிடிம். ஆனா அது கிப்புட்ஸ் இல்ல; நிலம் சங்கத்துது, வேலைக்குக் கூலி. அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டமான ஃபெல்டாவுல 1980கள்ல பட்டா கிடையாது, பங்கு மட்டும்னு மாத்தப் பார்த்தாங்க, குடியேறினவங்க ஒத்துக்கல, கைவிட்டாங்க. நிலம் பொது, கணக்கு தனின்னு வைங்க. விலகுறவருக்கு என்ன கிடைக்கும்னு நட்ட அன்னைக்கே எழுதுங்க. பாதிப் பருவத்துல போனா பதிஞ்ச மணிக்குரிய காசு, தண்ணி பம்பு மாதிரி பொதுச் சாமான்ல பங்கு கிடையாதுன்னு.

சிப்புட்வாசி:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். பொதுச் சமையல்?

பெரட்டுக்களம்:
வேணாம். கிப்புட்ஸ்லயே சாப்பாட்டுக்குக் காசு வச்சதும் பல இடத்துல பொதுக்கூடம் காலியாச்சு. பத்து மணிக்கு வயல்ல தேத்தண்ணியும் ரொட்டியும் போதும். சீனி யார் வாங்குறாங்கன்னு மட்டும் நோட்டுல எழுதுங்க.