ஸ்டூல் கால் கையோட கழன்று வருது, பசை பிடிக்கல. உடனே உதவி வேணும்

மலைக்காடை
அவசரம். சின்ன ஸ்டூல், நாலு கால். கால்ல துளை போட்டு, குறுக்குச் சட்டத்து முனையில செதுக்கின நாக்கை அதுல சொருகி பசை போட்டேன். ராத்திரி முழுக்க கிளாம்ப்லதான் இருந்துச்சு. காலையில எடுத்து லேசா ஆட்டினதும் ரெண்டு கால் கழன்றுடுச்சு. மரம் எங்கயும் உடையல. மேலயே மறுபடி பசை போட்டா போதுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள பாலிஷ் போட்டுக் குடுக்கணும்.

உளிப்பிடி
என்ன மரம்? என்ன பசை? எந்த ஊர்? வெச்சிருந்தது வீட்டுக்குள்ளயா வெளியவா? கழன்ற நாக்குல பசை தெளிவான படலமா இருக்கா, வெள்ளையா இருக்கா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது பதில் சொல்லுங்க, பாதி விஷயம் அதுலயே தெரிஞ்சிடும்.

தேயிலைமேடு
மரம் ஈரம். சந்தேகமே வேணாம். எஸ்டேட்ல வெட்டின சில்வர் ஓக்கை மில்லுல அறுத்த கையோட வாங்கினா இப்படித்தான் ஆகும். ஒரு அங்குலப் பலகை நிழல்ல காய கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். ஈரமானியில 12 சதவீதத்துக்குப் பக்கத்துல வராம துளை போடவே கூடாது.

உளிப்பிடி
ஈர மரம் காய்ந்து நாக்கு சுருங்கிக் கழல வாரக்கணக்குல ஆகுமே அண்ணா. இது ஒரே ராத்திரியில நடந்திருக்கு. அவர் பதில் வரட்டும்.

கோத்தகிரித்தச்சு
பசையை நம்பாதீங்க. கால் வழியா நாக்குல ஏறுற மாதிரி ரெண்டு அங்குல ஆணி ஒன்னு இறக்குங்க. ஆடாது.

மலைக்காடை
சில்வர் ஓக்தான், பழைய கட்டில் பலகை, நல்லா காஞ்சது. பசை கடையில கிடைக்கிற வெள்ளைப் பசை. ஊர் ஊட்டிகிட்ட தலைகுந்தா பக்கம். ஷெட்ல வெச்சிருந்தேன். ஆமா, நாக்குல வெள்ளையா தூள் உதிருது.

பழையஉளி
தை மாதம், தலைகுந்தா, ஷெட். இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் மற்றவர்கள் நேரம் வீணாகியிருக்காது. இது அடிப்படைப் பாடம் தம்பி, டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் வேண்டும்.

வெள்ளைப் பசை என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள். தண்ணீர் மரத்துக்குள் இழுக்கப்பட்டதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தால்தான் படலம் உண்டாகும். குளிரில் அவை சேராது, தண்ணீர் மட்டும் போய்விடும், மிஞ்சுவது சுண்ணாம்புத் தூள் மாதிரி உதிரும். 10 டிகிரிக்குக் கீழே ஒட்டவே ஒட்டாதீர்கள். உறைபனி இறங்கும் ராத்திரியில் ஷெட்டுக்குள் அந்த அளவு எங்கே இருக்கும்? காற்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் போதாது. மரமும் பசையும் அதே சூட்டில் இருக்க வேண்டும், பசை இறுகும் வரை இருக்க வேண்டும். ஒருமுறை தூளானதைப் பிறகு சூடாக்கினாலும் சேராது.

உளிப்பிடி
பழையஉளி சார் சொன்னது சரி, ஆனா அவருக்கு இப்போ வேண்டியது வழி. மலைக்காடை, மேலயே பசை போடாதீங்க, பழைய படலத்து மேல புதுசு ஒட்டாது.

வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணியால நாக்கையும் துளையையும் ஒத்தி எடுத்து, தூளை உளியால சுரண்டுங்க. உப்புத்தாள் வேண்டாம், நாக்கோட முகம் உருண்டையாகி லூசாயிடும். நல்லா காயவிட்டு, பசை இல்லாம ஒருதடவை மாட்டிப் பாருங்க: பாதி கையழுத்தத்துல போகணும், மீதி கொட்டாப்புளியால (மரச்சுத்தி) மெதுவா தட்டினா போகணும். தானா விழுந்தா, அதே மரத்து இழைப்புச் சுருளை நாக்கோட ரெண்டு பக்கமும் ஒட்டித் தடிமன் ஏத்துங்க. ரம்பத்தூளும் பசையும் கலந்து அடைச்சா பலம் இருக்காது.

துளை நாக்கை விட 2 மி.மீ. ஆழமா இருக்கணும். இல்லன்னா அடியில தேங்கின பசையே நாக்கை வெளிய தள்ளும். ஒரு காலுக்குள்ள ரெண்டு நாக்கும் முட்டுதுன்னா நுனியை 45 டிகிரியில சீவுங்க.

மரத்தை முந்தின ராத்திரியே சமையல்கட்டுல வெச்சிடுங்க. பசை டப்பாவை கை தாங்குற வெந்நீர்ல கொஞ்ச நேரம் நிறுத்துங்க. முதல்ல ரெண்டு பக்கச் சட்டகத்தைத் தனித்தனியா ஒட்டுங்க, இறுகின பிறகு சேருங்க. சேர்க்கும்போது மூலைக்கு மூலை ரெண்டு அளவும் ஒன்னா இருக்கான்னு பாருங்க. 24 மணி நேரம் யாரும் உட்காரக்கூடாது.

தேயிலைமேடு
ஷெட்டைச் சாத்திட்டு கரியடுப்பு வெச்சா சூடு நல்லா நிக்கும்.

பழையஉளி
தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். மலையில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்து உயிர் போனவர்கள் உண்டு. வேண்டுமானால் பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே 40 வாட் குண்டு பல்ப், துணியோ மரமோ தொடாத தூரத்தில்.

தேயிலைமேடு
ஜன்னல் திறந்து வெச்சா...

பழையஉளி
திறந்தால் சூடு போகும், மூடினால் உயிர் போகும். கரி வேண்டவே வேண்டாம்.

கோத்தகிரித்தச்சு
நான் சொன்ன ஆணியை யாரும் கண்டுக்கல. பசை, பல்ப், வெந்நீர், இவ்வளவு பாடு எதுக்கு?

உளிப்பிடி
இரும்பு ஆணி மூடுபனி ஈரத்துல துருப்பிடிக்கும், சுத்தியிருக்கிற மரத்தைக் கறுக்க வெச்சு இளகும். ஒன்னரை அங்குலக் கால்ல முனைப்பக்கம் அடிச்சா பிளக்கவும் செய்யும். கூடுதல் பிடி வேணும்னா மூங்கில் ஆணி போடலாம். கால்லயும் நாக்குலயும் 6 மி.மீ. துளை, நாக்குல இருக்கிற துளை மட்டும் தோள் பக்கமா (நாக்கு ஆரம்பிக்கிற படி) 1 மி.மீ. தள்ளி. அடிக்கும்போது தானா இழுத்து இறுக்கிக்கும்.

கோத்தகிரித்தச்சு
மூங்கில்னா சரி. ஆனா அதுக்கு தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற வச்சிரப் பசைதான் ஜோடி. வெள்ளைப் பசை வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் அதுலதான் செஞ்சாங்க. சூடு காட்டினா பிரிச்சுப் பழுது பார்க்கலாம்.

உளிப்பிடி
பிரிக்கலாம், ஒத்துக்கிறேன். ஆனா ஈரத்துக்கு இளகும். தென்மேற்குப் பருவமழை மாசங்கள்ல இங்க வீட்டுக்குள்ளயே சுவர் வேர்க்குது.

பழையஉளி
பாலிஷ் பற்றி யாரும் சொல்லவில்லை. ஞாயிறு என்று அவசரப்பட வேண்டாம். ஸ்பிரிட் பாலிஷோ லேக்கரோ, பனிமூட்டத்தில் அடித்தால் வெளுக்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகி மரத்தின் மேல்பரப்பைக் குளிர வைக்கும், காற்றின் ஈரம் அதில் படியும். வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணிக்கு மேல், மூன்று மணிக்குள் முடியுங்கள். மூட்டம் வந்தால் துணியைக் கீழே வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் என்றால் வெளுக்காது, ஆனால் குளிரில் காய நாளாகும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

மலைக்காடை
சுரண்டிட்டு சமையல்கட்டுல ஒட்டினேன், இப்போ ஆடல. மேல் பலகையை நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டேன். நன்றி.

உளிப்பிடி
பலகை எவ்வளவு அகலம்? ஸ்க்ரூ துளை வட்டமா, நீளமா? பன்னிரண்டு அங்குலம்னா மழைக்கும் வெயிலுக்கும் 3 மி.மீ. வரை விரிஞ்சு சுருங்கும். வட்டத் துளையில இறுக்கினா நடுவுல பிளக்கும். ஸ்க்ரூவைக் கழட்டி, சட்டத்துல இருக்கிற துளையை இழையோட்டத்துக்குக் குறுக்கா நீட்டிட்டு, வாஷர் போட்டு மாட்டுங்க.

உளிப்பிடி
மலைக்காடை, பாத்தீங்களா? பாலிஷ் போடறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சிடுங்க.