கலைச்சொல் தேவை: ஹீரோ வரக்குள்ள திரும்பத் திரும்ப வாற அந்த இசைக்கு என்ன பேர்?

கல்லடியிலிருந்து (நாடக டீச்சர்):

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்கு முந்தி ஒரு சொல் வேணும், அதான் எழுதுறன். உயர்தரத்துல நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு சினிமா இசை பத்தி நாலு பக்கத்துல ஒரு கைநூல் அடிக்கிறம், வெள்ளி காலமை அச்சுக்கூடத்துக்கு குடுக்கணும். லீவுக்கு பொடியனுகள் அயன் மேன் மூண்டு படத்தையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா பாத்திட்டு வந்து வகுப்புல ஒரே சண்டை. மூண்டுக்கும் மூண்டு இசையமைப்பாளர், 2008ல ரமின் ஜவாடி, 2010ல ஜோன் டெப்னி, 2013ல பிரையன் டைலர். முதல் படத்து கிட்டார்தான் அந்த ஆளு, அத எடுத்துப்போட்டு புதுசா வந்தவர் பெரிய ஓர்க்கெஸ்ட்ரா வெச்சா அது ஆரோ வேற ஆளப் பாக்கிற மாதிரி எண்டு ஒரு பக்கம். இல்ல டீச்சர், மூண்டாவதுலதான் வீட்ட போய் முணுமுணுக்க ஒண்டு கிடைச்சிரிக்கு, முதல் ரெண்டுலயும் என்ன ஞாபகம் நிக்கிது எண்டு மற்றப்பக்கம்.

ரெண்டு பக்கமும் அதுக்கு பேர் தெரியாம "அது, அது" எண்டுதான் சொல்லுதுகள். ஒருத்தி தீம் எண்டாள், ஒருத்தன் பீஜீஎம் எண்டான். நான் தேடுறது லைட்மோட்டிஃப் எண்ட சொல்லுக்கு. ஒரு ஆளுக்கோ இடத்துக்கோ ஒரு எண்ணத்துக்கோ கட்டிவெச்ச சின்ன இசைத்துண்டு, கதைக்குள்ள திரும்பத் திரும்ப வரும், வாற நேரமெல்லாம் ஆள்ட நிலைக்கு ஏத்த மாதிரி மாறியும் வரும். பின்னணி இசை எண்டு போட்டா படத்துல உள்ள முழு இசையும் அதுக்குள்ள போயிரும். யோசிச்சு சொல்லுங்க.

காரைதீவிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

பிள்ளை, இதுக்கு நாங்க வேற ஊர்ப்பக்கம் பாக்கத் தேவையில்ல. 1892ல இந்தக் காரைதீவில பிறந்த விபுலாநந்த அடிகள்தான் 1936ல சென்னையில கூடின கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர், 1947ல பழந்தமிழ் இசைய ஆராஞ்ச யாழ்நூல் தந்தவரும் அவர்தான். சொல்லாக்கமும் இசையும் ஒரே மனுசனிட்ட சேந்து இருந்த மண் இது.

தொல்காப்பியத்துல கருப்பொருள், அதாவது ஒவ்வொரு நிலத்துக்கும் உரியதுகள், சொல்ற நூற்பாவ எடுத்துப் பாருங்க. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், அதோட பறையும் யாழும். ஒவ்வொரு நிலத்துக்கும் தனிப் பறை, தனி யாழ், நம்பியகப்பொருள் எண்ட இலக்கண நூல் விரிச்சே சொல்லுது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறையும் விளரியாழும். அந்தப் பறை கேட்டா அந்த நிலம் கண்ணுக்கு முன்னால வரணும். ஜேர்மனியில வாக்னர்ட இசைநாடகத்துக்கு 1876ல வொல்சோகன் விளக்கம் எழுதி லைட்மோட்டிஃப் எண்ட சொல்லப் பரப்பினார் எண்டு சொல்லுவாங்க, எங்களிட்ட அது பொருளிலக்கணமாவே கிடக்கு. ஆகவே கருப்பண். கருவுக்கும் கருத்துக்கும் கருவிக்கும் வேர் ஒண்டுதான் எண்டது என்ட துணிபு, இசைக்கருவி எண்ட சொல்லுக்குள்ளயும் அந்தக் கரு இரிக்கு. கரு உள்ளுக்குக் கிடந்து வளரும், உருமாறும், டீச்சர் கேட்ட குணம் முழுக்க அதுல வந்திட்டுது.

வந்தாறுமூலையிலிருந்து (இசை ஆய்வு மாணவி):

ஐயா, பண் எண்டா அது மெட்டு ஆகாது. பண் எண்டது சுரங்கள் நிக்கிற ஒழுங்கு, இண்டைக்கு ராகம் எண்டு சொல்றமே அதுக்குக் கிட்டினது. ஒரு பண்ணுக்குள்ள ஆயிரம் பாட்டுக் கட்டலாம், தேவாரத்துல எத்தின பதிகம் ஒரே பண்ணுல இரிக்கி. லைட்மோட்டிஃப் அந்த மாதிரி பொதுவானது இல்ல, குறிப்பான ஒரு துண்டு, நாலு சுரமா இருக்கலாம், ரெண்டா இருக்கலாம். 2008ல வந்த டார்க் நைட் படத்துல ஜோக்கருக்கு ஹான்ஸ் சிமர் வெச்சது ஒரே ஒரு சுரம், செல்லோவுல இழுத்து இழுத்து முறுக்கிக்கொண்டே போற ஒரு சத்தம், அது தொடங்கினாலே இருக்கையில நிமிந்து இருந்திருவம். அதுக்குப் போய் பண் எண்டு பேர் வெச்சா யாழ்நூல் படிச்ச பிள்ளைக்கு ரெண்டும் குழம்பிரும். கருப்பண் எண்டு வகுப்புல சொல்லிப் பாருங்க, கருப்பன் எண்டு ஆள்ட பேராத்தான் காதுல விழும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து (கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவர்):

நான் சங்க இலக்கியம் பேச வரல்ல. எங்கட கூத்தாடுற வட்டக்களரிய ஒருக்கா நினைச்சுப் பாருங்க. கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்துல கைய வெச்சு தாளக்கட்டத் தொடங்கின உடன, ஆள் இன்னும் களரிக்குள்ள கால் வெக்கல்ல, சதங்கைச் சத்தம் மட்டும் வெளியில கேக்குது, பாயில படுத்துக் கிடக்கிற கிழவி எழும்பி இருந்து "ராசா வாறான்" எண்டு சொல்லும். ராசா வாறத அறிவிக்கிற கட்டியகாரன் வரவுக்கு ஒரு தாளம், ராசா வரவுக்கு ஒண்டு, பெண் பாத்திரம் வாறதுக்கு வேற. வரவுத்தரு, அதாவது வரவுப்பாட்டு, எண்டு அதுக்குப் பேரே இரிக்கு. போருக்குப் போறவன் வாற நேரம் அதே ஆட்டம் வேகம் கூடி வரும், தாளம் இறுகும், அப்ப மாறி வாறதும் இரிக்கு. பேராசிரியர் மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களப் பத்தி எழுதினதுகளத்தானே டீச்சர் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீங்க, அந்தப் பாடத்துல இருந்து இந்தப் பாடத்துக்கு நேர ஒரு பாதை போகுது. வரவிசை எண்டு வையுங்க, வேலை முடிஞ்சுது.

சினிமாக்காரனுகளும் இதத்தான் செய்றானுகள். சிங்கம் முதல் ரெண்டு படத்துக்கும் தேவிஸ்ரீபிரசாத், மூண்டாவதுக்கு ஹாரிஸ் ஜெயராஜ். ஹீரோ ஒரே துரைசிங்கம்தான், ஆனா தியேட்டர்ல ஆள் இறங்கி வரக்குள்ள என்ட மகன் "இது அவன்ட வரவு இல்ல" எண்டு சொன்னான், வரவு எண்டுதான் சொன்னான். இந்தியன் 1996ல ரஹ்மான், 2024ல ரெண்டாம் பாகத்துக்கு அனிருத், அதுக்கும் ஊரெல்லாம் இதே கதைதானே.

அக்கரைப்பற்றிலிருந்து (விஞ்ஞான ஆசிரியர்):

அண்ணன் சொன்னது நல்லாத்தான் இரிக்கி, ஆனா ஒரு பிரச்சினை. வரவிசை எண்டு எழுதி ஒரு ஓ.எல் பிள்ளைக்கிட்ட குடுங்க, விசை எண்டுதான் பிரிச்சு வாசிக்கும். விசை, அமுக்கம், வேகம் எண்டு நாள் முழுக்க நாங்க ஓதிக்கொடுக்கிறம், "வர விசை" எண்டா என்ன விசை சேர் எண்டு என்னட்டத்தான் ஓடி வரும். தயவுசெஞ்சு வேற பாருங்க.

இன்னொண்டும் சொல்லணும். தூய்மை தூய்மை எண்டு போய் நாங்க பட்டது போதும். நாங்க இரசாயனவியல் எண்டு படிச்சம், தமிழ்நாட்டுல வேதியியல் எண்டாங்க, நாங்க மூலகம் எண்டம், அவங்க தனிமம் எண்டாங்க, நாங்க பௌதிகவியல், அவங்க இயற்பியல். ரெண்டு பக்கமும் பிள்ளைகள் நல்லாத்தான் படிச்சி வந்துது, ஆனா ஒரு பக்கத்துப் புத்தகத்த மற்றப்பக்கத்துப் பிள்ளை வாசிக்க ஏலாம நிக்கிது. இப்ப இதுக்கும் நாங்க ஒண்டு வெச்சு அவங்க ஒண்டு வெச்சா திரும்பவும் அதே கதைதான். தீம் இசை எண்டு போட்டா எல்லாருக்கும் விளங்கும். பாண் விக்கிற ஓட்டோ ரோட்டு முனையில திரும்பக்குள்ள பெத்தோவன்ட அந்த மெட்டு கேட்டதும் சின்னப்பிள்ளை காசு கேட்டு ஓடி வருது, அதுக்கு யாரும் கலைச்சொல் படிப்பிக்கல்ல.

காரைதீவிலிருந்து:

வரவு + இசை வரவிசைதான், அதுல புணர்ச்சிப் பிழை இல்ல. வரவு எண்டதுல கடைசி உகரம் முழுசா ஒலிக்கிற முற்றியலுகரம், வகரத்துல நிக்கிது, குறுகி ஒலிக்கிற குற்றியலுகரம் ஆகாது. ஆனாலும் நன்னூல் "முற்றும் அற்று ஒரோவழி" எண்டு, சில இடத்துல அந்த உகரமும் விழலாம் எண்டு வழி விட்டிரிக்கு, உறவு + அழகு உறவழகு ஆகிறது மாதிரி. விசை எண்டு பிள்ளை பிரிக்குமே எண்டு பயந்து சொல்லக் கைவிட்டா தமிழ்ல ஒரு தொகைச்சொல்லும் மிஞ்சாது. இசை எண்ட சொல்லே எவ்வளவு ஆழம், ஒலியும் இசை, புகழும் இசை, பொருந்துறதும் இசைதல். ஆளோட பொருந்தி நிக்கிற ஒலிக்கு இசைய விடப் பொருத்தமா என்ன இரிக்கு.

தங்கச்சி பண்ணப் பத்திச் சொன்னத ஏத்துக்கொள்றன், அப்ப கருவிசை எண்டு வைப்பம். மெட்டு எண்டு மட்டும் வராதீங்க. அது தெலுங்குல படிக்கட்டு, வீணையில விரல் அழுத்துற கட்டைக்கும் அந்தப் பேர்தான். தமிழ்நாட்டு மலைப்பக்கம் போடிமெட்டு, கம்பம்மெட்டு எண்டு கணவாய்க்குச் சொல்றாங்க, அதுவும் ஏறிப்போற இடம்தான். தீம் எண்டதுக்கு நான் பதிலே எழுதமாட்டன்.

கல்முனையிலிருந்து (சினிமா இசை கேக்கிற ஆள்):

சேர், வேர் தேடுறத கொஞ்சம் நிப்பாட்டிட்டு படத்தப் பாப்பமா. டீச்சர் கேட்டது லைட்மோட்டிஃப், நாங்க பேசுறது அடையாள இசை. ரெண்டும் ஒண்டில்ல. பாண் ஓட்டோ மெட்டு எண்டைக்கும் ஒரே மாதிரித்தான் கேக்கும், மழை பெஞ்சாலும் பெருநாள் வந்தாலும் மாறாது. லைட்மோட்டிஃப் கதையோட சேந்து வாழ்ந்து வயசாகிற சாமான்.

வரவு எண்டதுலயும் எனக்கு மனம் ஒப்பல்ல. ஆள் வராம மெட்டு மட்டும் வாற இடம்தான் இதுட உச்சம். 1975ல வந்த ஜோஸ் படம், சுறாவுக்கு ரெண்டே சுரம், ஜோன் வில்லியம்ஸ் வெச்சது. ரெண்டு பொடியனுகள் பொய்ச்செட்டை கட்டிக்கொண்டு கடல்ல எல்லாரையும் வெருட்டுற காட்சியில அந்த ரெண்டு சுரம் வரவே வராது, ஏனெண்டா அங்க சுறா இல்ல. கவனிச்சுப் பாக்கிறவனுக்கு இசை உண்மையச் சொல்லிரும். மற்றப் பல இடத்துல சுறாவக் கண்ணால காண மாட்டம், சுரம் மட்டும்தான் வரும். ஸ்டார் வோர்ஸ்ல 1983 படத்துல வில்லன் டார்த் வேடர் சாகிற நேரம், படம் முழுக்க பித்தளைக் குழலெல்லாம் அதிர வந்த அந்த இராணுவ மெட்டு கடைசியில ஹார்ப்ல ஒத்தை ஒத்தைச் சுரமா விழுந்து முடியும். 1999ல அவன் சின்னப்பிள்ளையா வாற படத்துல, அந்தப் பிள்ளைட மெட்டுக்கு வால்ல அதே மெட்டு ஒளிஞ்சு கிடக்கும். அந்தப் பிள்ளை இன்னும் வேடரா மாறவேயில்ல, எங்க வரவு?

புது இசையமைப்பாளர் சண்டைக்கும் இதுதான் சாவி. சூப்பர்மேன் 1978ல வில்லியம்ஸ், 1980ல ரெண்டாம் பாகத்துக்கு கென் தோர்ன் வந்தார், ஆனா வில்லியம்ஸ்ட மெட்டுகளையே எடுத்துக் கையாண்டார், அதனால ஆள் மாறல்ல. அவெஞ்சர்ஸ் 2012ல அலன் சில்வெஸ்ட்ரி, 2015ல டைலரும் டானி எல்ஃப்மனும், பழைய மெட்ட எடுத்து அதோட புதுசாக் கோத்தாங்க. அயன் மேன்ல மட்டும் ஒவ்வொருத்தரும் முந்தினவர்ட துண்டக் கீழ வெச்சிட்டுத் தொடங்கிட்டாங்க. என்னக் கேட்டா டைலர்ட மெட்டுத்தான் வலுவான மெட்டு, கடைசியில பேர் ஓடக்குள்ள அதையே பழைய டீவி தொடர் இசை மாதிரி உருமாத்திக் காட்டுவார், உருமாத்த ஏலுமெண்டா எலும்பு பலமா இரிக்கி எண்டு அர்த்தம். ஆனா ரெண்டு படம் அந்த ஆளோட வாழ்ந்த ரசிகனுக்கு அது நட்டம்தான், அந்தப் பொடியனுகள்ட கோவம் நியாயமான கோவம். பேர் வெச்சாத்தான் அந்த நட்டத்த வாயால சொல்ல ஏலும். என்ட முன்மொழிவு தொடர்மெட்டு.

வந்தாறுமூலையிலிருந்து:

மெட்டு எண்டதுக்கு நான் ஆதரவு. தெலுங்குல இருந்து வந்திருந்தாலும் வாழ்ந்தது இஞ்சதான், தாலாட்டுக்கும் மெட்டு, கூத்துப்பாட்டுக்கும் மெட்டு எண்டுதான் வாயில வருது. ஜோக்கர்ட ஒத்தைச் சுரத்துக்கு மெட்டு எண்டது கொஞ்சம் இடிக்கும், அது அரிதான இடம், விட்டிரலாம். தொடர்மெட்டு எண்டா ஆனா விடாம ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரிக் கேக்குது, இது விட்டு விட்டு வாறது.

கல்லடியிலிருந்து:

இண்டைக்கு வகுப்புல எல்லாத்தையும் பலகையில எழுதிப் போட்டன். கருவிசைக்குக் கை தூக்கினது ரெண்டு மூண்டு பேர், தீம் எண்டதுக்குக் கொஞ்சப் பேர். ஒரு பொட்டை எழும்பி, டீச்சர் வரவையும் மெட்டையும் ஒட்டினா என்ன எண்டு கேட்டாள். வரவுமெட்டு. விசைக் குழப்பமும் இல்ல, கூத்துப் பாடத்துக்கும் தொடுப்பு இரிக்கு. கல்முனைத் தம்பி கேட்ட கேள்விய நான் அவளிட்ட கேட்டன், ஆள் வராட்டி என்ன செய்யிற மகள் எண்டு. "ஆள் வராட்டியும் மெட்டு வருதுதானே டீச்சர், மெட்டுட வரவு" எண்டாள். எனக்கு அது போதும். மறுகா யோசிக்க நேரமும் இல்ல, வரவுமெட்டு எண்டு போடுறன், முதல் இடத்துல மட்டும் பக்கத்துல லைட்மோட்டிஃப் எண்டு எழுதிவிடுறன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

சரி. விளங்குது, எழுத லேசு. நானும் சம்மதம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

வரவு நிண்டிட்டுது, எனக்கு சந்தோசம். பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு சதங்கை அணிவிழாவுக்கு வாங்க டீச்சர், மத்தளத்துல ஒவ்வொரு வரவா அடிச்சுக் காட்டுறன், படத்தப் போட்டு ஒப்பிட்டுப் பாக்கட்டும்.

கல்முனையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுறன், கைநூல்ல அப்பிடியே போடுங்க டீச்சர். ஆனா மெட்டுட வரவு எண்டது தமிழ்ல எனக்கு ஓடல்ல. கூத்துல வரவு எண்டா ஆள் வந்தாகணும், வராதவனுக்கு வரவு பாடினா அண்ணாவியாரே ஏசுவார். அடுத்த பதிப்பு அடிக்கிற நேரம் இந்தக் கேள்விய திரும்பவும் எடுப்பன். அதோட முந்தினவர்ட மெட்டப் புது ஆள் கைவிடுறதுக்கும் ஒரு சொல் தேவை, கைநூல்ல அந்தப் பக்கத்துல "பழைய இசையை நீக்குதல்" எண்டு நிக்கிது, அது போதாது.

காரைதீவிலிருந்து:

கருவிசைய நான் விட மாட்டன். மெட்டுக்கு நேரான தமிழ்ச்சொல் வண்ணமா சந்தமா எண்டு விரிவா ஒரு மடல் எழுதிக்கொண்டிருக்கிறன், ஞாயிறு அனுப்புறன். அச்சுக்கூடம் ஞாயிறு மட்டும் பொறுக்குமா எண்டு டீச்சர் ஒருக்காக் கேட்டுப் பாருங்க.